ரோமாபுரி வரப்பில் ஒரு அடிப்பிரதட்சணம்

ரோமானியர்களின் கோட்டையைக் காட்டுகிறேன் என்று சொல்லி என் மனைவி என்னை அழைத்துப்போன இடத்தில் ஒரு வரப்பு இருந்தது. நம் ஊர் வயல் வரப்பைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். வரப்புக்கு வெளியே ஒரு பள்ளம், பள்ளத்துக்கு அப்பால் இன்னொரு வரப்பு, எல்லாவற்றின்மேலும் புல், புல்லின்மேல் ஆடுகள். தூண், வளைவு, மூக்கு உடைந்த பளிங்குச் சிலை என்று எதையெதையோ எதிர்பார்த்து, ஸ்காட்லாந்தின் தெற்கு மூலையில் டன்வாரிக் என்கிற அந்தக் குன்றின்மேல் மூச்சிரைக்க ஏறியிருந்தேன்.

"கோட்டை எங்கே?" என்று கேட்டேன்.

"அதுமேலதான் நிக்கீங்க" என்றாள் வடிவு.

வடிவு என்றால் டாக்டர் வடிவாம்பிகை. மண்ணின் இறுக்கத்தை அளப்பதில் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரில் ஒருத்தி. நான் ஆவுடையப்பன். பாளையங்கோட்டையில் ஓர் இன்சூரன்ஸ் கிளையில் உட்கார்ந்திருந்தவன், அவளுக்கு இங்கே பதவி கிடைத்ததும் எழுந்து வந்துவிட்டேன். விசாவில் என் தகுதி 'சார்ந்திருப்பவர்' என்று போட்டிருக்கிறது. வண்டி ஓட்டுவது, புளியோதரை கிண்டுவது, மழையில் வயரைத் தூக்கிப் பிடிப்பது ஆகியவை சார்ந்திருப்பவரின் கடமைகள். மூன்றாவதில் எனக்கு நல்ல பெயர் உண்டு.

வயரின் மறுமுனையில் இருந்தது தடங்காட்டி. அவள் வைத்த பெயர் வேறு, வாயில் நுழையாது. இட்லிக் கொப்பரையைக் கவிழ்த்துச் சக்கரம் வைத்ததுபோல இருக்கும். அதைப் புல்லின்மேல் உருட்டினால் திரையில் காலடிகள் தோன்றும். இன்றைய காலடிகள் அல்ல, அந்த மண் வரப்பை எழுப்பியவர்களின் காலடிகள்.

நம்பாமல் விளக்கம் கேட்டேன். "மெத்தையில உக்காந்து எந்திரிச்சா குழி நிமிந்துரும். மண்ணு அப்படி இல்ல" என்றாள். "ஒருக்க மிதிச்சா மிதிச்சதுதான். அதுமேல எத்தனை கூடை மண்ணு விழுந்தாலும் அடியில அந்த இறுக்கம் அப்படியே கிடக்கும். அதுல இருந்து எடை தெரியும், எட்டு வைக்கிற தூரம் தெரியும், எந்தக் கால்ல நோவுன்னு தெரியும்."

"ரெண்டாயிரம் வருஷத்துக்கு அப்புறமுமா?"

"கிட்டத்தட்ட. நீங்க கல்யாண மண்டபத்துல என் காலை மிதிச்சது எனக்கு இன்னும் தெரியலையா?"

ரோமானியப் படை என்றாலும் மண் சுமந்தவர்கள் ரோமாபுரிக்காரர்கள் இல்லை. தோற்ற தேசங்களிலிருந்து பிடித்துவந்து வேல் கொடுத்து, பிறகு அதை வாங்கி வைத்துக்கொண்டு கூடை கொடுக்கப்பட்டவர்கள். வடக்கு வரப்பில் வேலை செய்த ஒரு கும்பலை வடிவு தனித்தனியாகப் பிரித்துவிட்டாள். எல்லோருக்கும் பெயரும் வைத்தாள். எப்போதும் சேர்ந்தே நடக்கும் இரண்டு பேர் சம்பந்திகள். அகலக் கால் வைப்பவன் கொக்கு. குட்டைக் காலடி வைத்து, கூடை இறக்கியதும் சும்மாவே ஓடுகிறவன் குட்டையன். கரையின் ஓரத்தில் போவதும் வருவதுமாக, கூடை சுமக்காத ஒரே ஆள் கங்காணி. இவனுடைய ஆணி அடித்த செருப்பில், வலது குதியில் ஓர் ஆணி உதிர்ந்திருந்தது. அதனால் எங்கே நின்றாலும் மாட்டிக்கொள்வான்.

"ராஜாவுக்குப் பேரு இருக்கு, சிலை இருக்கு" என்றாள் வடிவு. "மண்ணு சுமந்தவனுக்கு நடை மட்டுந்தான் மிச்சம். அதையாவது எடுத்துக் குடுக்கணும்லா."

அப்போது எனக்கு மார்பு ஒரு சுற்று பெருத்தது. கோட்டையைப் பார்த்து வராத பெருமிதம் கொப்பரையைப் பார்த்து வந்தது.

இந்தச் செய்தி எப்படியோ எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு எட்டி, செயலாளர் ஜெகவீரன் தொலைபேசினார். அந்தக் காலடிகளில் எத்தனை நம்மாள் காலடி என்று கேட்டார். காலில் மொழி தெரியாது என்றேன். பெருவிரலைப் பார்த்தால் தெரியாதா என்றார். மறுநாள் வாட்ஸப்பில் 'ரோமானியக் கோட்டையைக் கட்டியது தமிழன் கால்' என்று ஒரு படம் சுற்றியது. படத்தில் இருந்தது என் கால். அளவுக்காக வடிவு எடுத்து வைத்திருந்ததை நான்தான் பெருமையடிக்க அவருக்கு அனுப்பியிருந்தேன்.

குன்றில் எங்களுக்கு ஒரு விருந்தாளியும் உண்டு. கீழே இருந்த பண்ணையில் ஆடு பார்க்கும் குகதாசன். வல்வெட்டித்துறைப் பக்கம். இடது காலில் ஷெல் துண்டு பட்டு முழங்கால் மடங்காது, காலை இழுத்து நடப்பார். முதல் நாள் எங்கள் புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு "வடிவா இருக்கு" என்றார். என் மனைவி "ம்?" என்று திரும்பிப் பார்த்தாள். அவர்கள் ஊரில் வடிவு என்றால் அழகு என்று அவர் விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று பேரும் சிரித்துவிட்டோம். அன்றிலிருந்து அவருக்கு அவள் அக்கா, நான் அண்ணை. அடைக்கலம் கேட்ட அவர் வழக்கு இரண்டாம் முறையும் தள்ளுபடியாகிவிட்டது. பண்ணைக்காரர் எதுவும் கேட்காத மனிதர். ஒவ்வொரு வாரமும் குகதாசன் குன்றைத் தாண்டி மறுபக்கத்து ஊருக்குப் போய், சொந்த நாட்டில் இருக்கும் மகளோடு போனில் பேசிவிட்டு வருவார். பண்ணையில் சிக்னல் கிடையாது.

தடங்காட்டிக்கு ஒரே ஒரு கோளாறு இருந்தது. அதுவும் நல்ல இடம் பார்த்து வந்தது. ஒருநாள் குட்டையன் கூடையை இறக்கியவன் திரும்பவில்லை. வடக்கே, கோட்டைக்கு வெளியே ஓடினான். முன்விரல் ஆழப் பதிந்த ஓட்டம். ஓர் எட்டு, இன்னோர் எட்டு. அதற்குமேல் அவன் இல்லை. அந்த இடத்திலிருந்து பாறை தொடங்கும் வரைக்கும் திரையில் ஏதோ நெளிந்தது. கால் கால் காலாக, இடைவெளியே இல்லாமல், மரவட்டை ஊர்ந்ததைப்போல. யார் நடை என்று கேட்டால் இயந்திரம் 'ஆள் இல்லை' என்றது. அதற்கு மேலடுக்குகளில் குட்டையன் மறுபடி வரவே இல்லை. படையைவிட்டு ஓடினால் அந்தக் காலத்தில் என்ன தண்டனை என்று வடிவு சொன்னாள். சாப்பாட்டு நேரத்தில் சொல்லியிருக்க வேண்டாம்.

மரவட்டையைச் சரிசெய்ய அவள் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தபோதுதான் நிதி கொடுத்த அரசாங்கத் துறையிலிருந்து ஆல்டன் என்பவர் பேசினார். நேரில் வந்து பார்க்க ஆசை. ஆனால் பழைய காலடிகள் வேண்டாம், இந்த வருஷத்துக் காலடிகளைக் காட்ட முடியுமா? மேல்மண்ணில், ஒரு விரற்கடை ஆழத்தில்?

அந்த வருஷம்தான் சட்டம் மாறியிருந்தது. அடைக்கலம் கேட்டு வருகிறவர்களைக் கைரேகை எடுத்ததும் ஒரு மண்தட்டின்மேல் நடக்கவிட்டு, நடையையும் பதிந்துகொண்டார்கள். இரண்டாம் முறை விண்ணப்பித்தபோது குகதாசனும் அப்படி நடந்துவிட்டுத்தான் வந்திருந்தார். எதற்கு என்று அப்போது யாருக்கும் புரியவில்லை. வடிவுக்குப் போனை வைத்ததும் புரிந்தது. நான் அதற்குள் பெருமை பொங்க, அரசாங்கமே வருகிறது என்று கேசரிக்கு ரவை வறுக்கத் தொடங்கியிருந்தேன்.

மறுநாள் மேல்மண்ணைச் சோதித்துப் பார்த்தாள். குகதாசனும் நானும் பக்கத்தில் நின்றிருந்தோம். திரையில் ஆடுகள் வந்தன, நான் வந்தேன், பிறகு குன்றின் குறுக்கே போகும் ஒற்றை வரிசை. வலது கால் ஆழம். இடது கால் குதி பதியாமல், ஒவ்வொரு எட்டுக்கும் பின்னால் ஒரு கோடு. போனதும் வந்ததும், வாரம் தவறாமல். கேட்காமலேயே இயந்திரம் எடையைச் சொன்னது, எந்த முழங்கால் என்று சொன்னது. அதன் வேலையை அவ்வளவு நேர்த்தியாகச் செய்தது.

குகதாசன் திரையை நோக்கிக் குனிந்தார்.

"அது நான்தானே அக்கா."

வடிவு திரையை அணைத்தாள். அணைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வடிவாத்தான் வேலை செய்யுது" என்றார் அவர். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. "நான் வேற பக்கம் போறன். உங்கட வேலைக்கு என்னால இடைஞ்சல் வேண்டாம். எத்தினை வருசம் இதுக்குப் பின்னால திரிஞ்சிருக்கிறியள்."

"எங்க போவீங்க? எங்க போனாலும் மண்ணுமேலதான நடக்கணும்?" என்றாள் வடிவு. பிறகு என்னிடம், கிட்டத்தட்டச் சண்டைபோடும் குரலில், "இவரு ஒருத்தர் மட்டுமா? ஒவ்வொரு மலையிலயும் கடற்கரையிலயும் இதை உருட்டுவாங்க. மண்ணு சுமந்தவனுக்காகப் பண்ணின மிசினு, மண்ணு சுமக்க வந்தவனைப் பிடிச்சுக் குடுக்கப்போகுது."

பழுது என்று பொய் சொல்லிவிடலாமே என்றேன். தன் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை பொய் சொல்லமாட்டேன் என்றாள். அவளை எனக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது, கேசரி நீ செய்ததா என்று என் அம்மா கேட்டதற்கு, கடையில் வாங்கியது, கடையின் பெயர் இன்னது என்று சொன்னவள்.

இப்படியொரு கனமான நேரத்தில் என்னைப் போன்றவர்கள் செய்யக்கூடியது ஒன்றுதான். அசட்டு ஜோக் அடிப்பது. திரையில் முன்பு நெளிந்த மரவட்டை ஞாபகத்துக்கு வந்தது.

"இவரு பேசாம உன் மரவட்டை மாதிரி நடக்கலாம். எங்க மாமியார் வேண்டுதல் மாதிரி."

வடிவின் ஆய்வேடு தேறவேண்டும் என்று என் மாமியார் சங்கரன்கோவிலில் வேண்டிக்கொண்டார். வேண்டுதல் அவருடையது, கால் என்னுடையது. மாப்பிள்ளை அடிப்பிரதட்சணம் பண்ணுவார் என்று அம்மனிடம் சொல்லிவிட்டார். குதிகாலைப் பெருவிரலோடு ஒட்டவைத்து, இடைவெளி விடாமல், பிராகாரம் முழுக்க. அன்று நான் நடந்ததைப் பார்த்து ஒரு குழந்தை அழுதது.

அதை வரப்பின்மேல் நடித்துக் காட்டினேன். குதி, விரல், குதி, விரல். இரண்டு கையையும் குவித்துக்கொண்டு, முகத்தில் மாப்பிள்ளைக் களை வழிய. குகதாசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வடிவு சிரிக்கவில்லை. என்னை நகரச் சொல்லிவிட்டு, நான் நடந்த இடத்தின்மேல் கொப்பரையை உருட்டினாள்.

மரவட்டை. 'ஆள் இல்லை.'

புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன்.

"கோளாறு இல்லங்க" என்றாள். "எட்டு இருந்தாத்தான் நடை. எட்டே இல்லைன்னா நடையே இல்ல. கூட மண்ணு சுமந்தவங்க வேணும்னேதான் மிதிச்சிருக்காங்க. அந்தக் குட்டையன் ஓடின தடத்து மேலயே, சேந்து, வரிசையா, ஒரு இடம் விடாம. காலையில தேடிவாறவனுக்குத் தெரியக் கூடாதுன்னு."

வரப்பின்மேல் காற்று அடித்தது. நாங்கள் மூவரும் அந்த வடக்குச் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பெயர் தெரியாத, மொழி தெரியாத ஒரு கூட்டம். மண் சுமந்து தோள் போனபிறகு, படுக்கப் போகாமல், ஒருத்தனுக்காக ஒட்டி ஒட்டி நடந்திருக்கிறது. என் வாழ்நாளில் ஒரு கோட்டையைப் பார்த்து நான் பெருமைப்பட்டது அப்போதுதான். அது எங்கள் ஆட்கள் கட்டியதே இல்லை. அதனால் என்ன?

"இனி என்ன செய்யப் போறியள் அக்கா?" என்று கேட்டார் குகதாசன்.

"ரெண்டு காரியம். மிசினு என்ன செய்யும், எதைச் செய்யாதுன்னு உள்ளபடி எழுதி எல்லாரும் படிக்கிற மாதிரி வெளியிடப்போறேன். இப்படி நடந்தா எந்த மிசினுக்கும் தெரியாதுன்னு படம் போட்டே எழுதுவேன். அது உண்மை. உண்மையச் சொல்ல யாரு அனுமதியும் வேண்டாம்." வயரைச் சுருட்டத் தொடங்கினாள். "இன்னொண்ணு, உங்க தடம். அது மிசினு சமாச்சாரம் இல்ல. நம்ம வீட்டுச் சமாச்சாரம்."

வீட்டுச் சமாச்சாரத்தை என்னிடம் விட்டார்கள். நான் ஜெகவீரனுக்குப் போன் போட்டேன். ரோமானியக் குன்றில் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைச் சுற்றுலா, கூடவே ஒரு சின்ன வேண்டுதல், அடிப்பிரதட்சணம் என்றேன். அங்கே கோயில் ஏது என்று கேட்டார். கோயில் இருந்த இடம் யாருக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தை அவரே சேர்த்துக்கொண்டார்.

ஞாயிறன்று பட்டு வேட்டி மடித்துக்கட்டி ஜெகவீரன் முன்னே போனார். பின்னே பட்டுப் புடவைக்கு மேல் மழைக்கோட்டுப் போட்ட பெண்கள், ஷூவைக் கழற்றலாமா வேண்டாமா என்று விவாதித்த டாக்டர்கள், ஒட்டி நடப்பதைப் பந்தயமாக்கிய பிள்ளைகள். குகதாசனின் ஒற்றையடிப் பாதையில் அந்த மரவட்டை குன்றின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஊர்ந்தது. நடுவழியில் ஜெகவீரன் திரும்பி, மூதாதையர் நடந்த மண் சார், காலில் அந்த அதிர்வு தெரிகிறது என்றார். ஆமாம் என்றேன். எனக்கும் ஏதோ தெரியத்தான் செய்தது. பண்ணை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த குகதாசன் ஒரு கட்டத்தில் உள்ளே போய்விட்டார். ஆல்டன் வந்து போகும்வரை குன்றுப் பக்கம் வரவே கூடாது என்று அவரிடம் சொல்லியிருந்தோம்.

ஆல்டன் மழைத் தூறலோடு வந்தார். நெட்டையான, மெதுவாகப் பேசுகிற மனிதர். ஷூ பளபளத்தது. வடிவு முதலில் அவரைச் சாதாரணமாக நடக்கச் சொல்லி, திரையைக் காட்டினாள். வலது இடுப்பில் தேய்மானம் தொடங்கியிருக்கிறது என்றது இயந்திரம். அது தன் டாக்டருக்கே போன மாதம்தான் தெரிந்தது என்று சொல்லி அவர் வியந்தார். பிறகு எங்கள் முறையில் நடக்கச் சொன்னாள். எங்கள் ஊர்க் கோயிலில் இப்படித்தான் சுற்றுவோம் என்று நான் செய்து காட்டினேன், அவர் செய்தார். குதி, விரல், குதி, விரல். பிரிட்டிஷ் அரசாங்கமே கைகளை விரித்துத் தள்ளாடிக்கொண்டு வரப்பின்மேல் வந்தது.

'ஆள் இல்லை.'

மறுபடி நடந்து பார்த்தார். மறுபடியும் அதே. இதைச் சரிசெய்ய முடியாதா என்று கேட்டார். இல்லாத நடையைக் கண்டுபிடிக்க முடியாது என்றாள் வடிவு. கட்டுரையை அன்று காலையே அனுப்பிவிட்டதையும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதையும் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. நான் வயரை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கிப் பிடித்தேன். இத்தனை வருஷத்து உழைப்பைத் தன் வாயாலேயே ஒருத்தி இறக்கிவைப்பதைப் பார்த்தபடி, இவள் என் மனைவி, இவள் என் மனைவி என்று மனதுக்குள் ஒருவன் தவில் வாசித்துக்கொண்டிருந்தான்.

அப்படியானால் தங்கள் துறைக்கு இதில் உபயோகமில்லை, நிதியும் நின்றுவிடும், அது அவளுக்குத் தெரியும்தானே என்றார் ஆல்டன். தெரியும் என்றாள். பிறகு, வந்ததற்கு இதையும் பார்த்துவிட்டுப் போங்கள் என்று குட்டையனின் ஓட்டத்தையும், அதை மூடிய மரவட்டையையும் காட்டினாள். திரையில் அவள் விரல் ஓர் இடத்தில் நின்றது. முந்தைய நாள்தான் அதைக் கண்டுபிடித்திருந்தாள். எனக்குக்கூடச் சொல்லவில்லை.

வரிசையின் கடைசிக் காலடி. நடை இல்லை, ஆனால் வலது குதியில் ஓர் ஆணி குறைந்திருந்தது.

"கங்காணி" என்று வாயைத் திறந்துவிட்டேன்.

ஆல்டன் அது என்ன என்று கேட்டார். இவர்களைக் கண்காணிக்க வைக்கப்பட்டவன், ஓடினால் பிடித்துக்கொடுக்க வேண்டியவன் என்றாள் வடிவு. அவனும் நடந்திருக்கிறான். அதே ஆள்தான் என்று எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். ஆணியைக் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை வெகுநேரம் பார்த்தார். கேசரி வேண்டாம் என்றுவிட்டார்.

வண்டிக்கு நாங்கள் அவரோடு இறங்கினோம். அவர் முன்னால், நான் அவருக்குப் பின்னால், வடிவு கடைசியில். பண்ணைக் கதவுக்கு முன் நிலம் சேறாக இருந்தது.

சேற்றில் புத்தம் புதிய காலடிகள். வலது கால் ஆழம். இடது காலுக்குப் பின்னால் நீளக் கோடு. நடுவில் ஒரு குட்டியின் குளம்புகள். காலையில் ஏதோ ஆட்டுக்குட்டி பள்ளத்தில் விழுந்திருக்கிறது, வராதே என்று நாங்கள் சொன்னது மனுஷனுக்கு மறந்திருக்கிறது. இதைப் பார்க்கத் தடங்காட்டி வேண்டாம், கண் இருந்தால் போதும். கோடு நேராகப் பண்ணைக் கொட்டகைக்குப் போயிற்று.

ஆல்டன் நின்றார். குனிந்து பார்த்தார். கொட்டகையைப் பார்த்தார். அவரிடம் சொல்ல எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை, இதுவரை வாழ்க்கையில் அப்படி நடந்ததில்லை.

பிறகு அவர் வலது ஷூவைத் தூக்கி, அந்தக் கோட்டின்மேல் வைத்தார். இடது ஷூவின் குதியை அதன் முனையோடு ஒட்ட வைத்தார். கைகளை விரித்துக்கொண்டு, மெதுவாக, சேறு கணுக்கால்வரை ஏற, ஓர் இடம் விடாமல் கதவுவரை நடந்தார்.

கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்து, எங்கள் ஊரில் இதை எத்தனை சுற்று சுற்றுவார்கள் என்று கேட்டார்.

"வேண்டுதலைப் பொறுத்தது" என்றேன்.

தலையை ஆட்டினார். தன் ஷூவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

வடிவு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். அவர் விட்ட இடத்திலிருந்து கொட்டகைவரை மிச்சமிருந்த தடத்தின்மேல் குதியை வைத்தாள், விரலை ஒட்டினாள். நான் அவள் பின்னால் நடந்தேன், சார்ந்திருப்பவர் என்ற முறையில்.